வெங்காய டிப்: பாக்கெட்டா, கடை டப்பாவா, வீட்டுச் சட்டியா?

தென்னாப்பிரிக்காவில் யார் வீட்டு பிராய்க்கு, அதாவது தணலில் இறைச்சி சுடும் விருந்துக்கு, போனாலும், கரி தணலாகி இறைச்சி கம்பிவலையில் ஏறுவதற்கு முன்பே மேசைக்கு வந்துவிடுவது ஒரு கிண்ணம் வெங்காய டிப்பும் ஒரு தட்டு உருளைக்கிழங்குச் சிப்ஸும்தான். தமிழர் வீடுகளும் இதற்கு விலக்கல்ல. டர்பனின் சாட்ஸ்வர்த் பகுதியில் நடக்கும் பிறந்தநாள் விருந்தானாலும், பீனிக்ஸ் பகுதியில் கல்யாணத்துக்கு முதல்நாள் உறவினர் கூடும் இரவானாலும், முறுக்குக்கும் சமூசாவுக்கும் சில்லி பைட்ஸுக்கும் நடுவில் அந்த வெளிர் பழுப்புக் கிண்ணத்துக்கு ஓர் இடம் உண்டு. அது எப்படிச் செய்யப்பட்டது என்று யாரும் கேட்பதில்லை. பெரும்பாலும் ஒரு சூப் பாக்கெட்டும் ஒரு கிரீம் டின்னும் சேர்ந்து செய்த வேலை அது என்பது எல்லாருக்கும் தெரியும்.

இந்த மதிப்பீட்டில் மூன்று வகைகளை ஒப்பிட்டிருக்கிறேன். முதலாவது, மேலே சொன்ன பாக்கெட் டிப். இரண்டாவது, சூப்பர்மார்க்கெட்டின் குளிர் அலமாரியில் ‘கேரமலைஸ்டு ஆனியன் டிப்’ என்ற பெயரோடு விற்கும் பிளாஸ்டிக் டப்பா. மூன்றாவது, வெங்காயத்தை ஒரு மணி நேரம் பொறுமையாக வதக்கி, புளித்த பாலாடையோடு கலந்து வீட்டிலேயே செய்வது. சுவையில் மூன்றாவதற்கு இணையில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆனால் பாக்கெட் டிப்பை இகழ்ந்து பேசுபவர்களோடும் எனக்கு உடன்பாடில்லை. காசுக்கு மதிப்பில்லாதது நடுவில் இருக்கும் டப்பாதான்.

பாக்கெட் டிப்பின் பூர்வீகம் அமெரிக்கா. அங்கே லிப்டன் நிறுவனம் வெங்காய சூப் பவுடரை 1952இல் சந்தைக்குக் கொண்டுவந்தது. 1954இல் லாஸ் ஏஞ்சலிஸில் பெயர் தெரியாத யாரோ ஒருவர் அதைப் புளிப்பு கிரீமில் கலந்து பார்த்தார். சில ஆண்டுகளில் அந்தச் செய்முறை பாக்கெட்டின் அட்டையிலேயே அச்சாகும் அளவுக்குப் பரவிவிட்டது. நம் நாட்டுக்கு வந்தபோது புளிப்பு கிரீமின் இடத்தை டின் கிரீம் பிடித்துக்கொண்டது. ராய்கோ அல்லது க்நோர் பிரவுன் ஆனியன் சூப் ஒரு பாக்கெட், நெஸ்லே கிரீம் 290 கிராம் டின் ஒன்று, எலுமிச்சைச் சாறு சில துளி. இவ்வளவுதான் தலைமுறைகளாகக் கைமாறி வரும் செய்முறை. டின் கிரீமை அலமாரியில் மாதக்கணக்கில் வைத்திருக்கலாம் என்பதால், முன்னறிவிப்பில்லாமல் விருந்தாளி வந்தாலும் குளிர்பெட்டியில் என்ன இருக்கிறது என்று தேடவேண்டிய அவசியம் இல்லை. இந்த வசதிக்காகவே இதற்குப் பாதி மதிப்பெண் கொடுக்கலாம்.

எலுமிச்சைச் சாறு இதில் புளிப்புக்கு மட்டும் சேர்க்கப்படுவதில்லை. அமிலம் பட்டவுடன் கிரீமில் உள்ள பால் புரதம் ஒன்றோடொன்று பிணைந்து இறுகுவதால், டின்னிலிருந்து வழியும் பதத்தில் விழுந்த கிரீம் கரண்டியில் நிற்கும் பதத்துக்கு வருகிறது. அதனால்தான் எலுமிச்சை இல்லாமல் செய்த டிப் சிப்ஸின் முனையிலிருந்து ஒழுகிச் சட்டையை நனைக்கிறது. கலந்தவுடன் பரிமாறினால் நாக்கில் மாவு நெருடும். சூப் பவுடரில் இருக்கும் மக்காச்சோள மாவும் கோதுமை மாவும் கொதிக்கும் தண்ணீரில் வேகவேண்டும் என்ற கணக்கில் சேர்க்கப்பட்டவை. இங்கே அவை வேகுவதில்லை, ஊறத்தான் செய்கின்றன. உலர்ந்த வெங்காயத் துணுக்குகளுக்கும் அதே கதைதான். ஓர் இரவு முழுக்க ஃபிரிட்ஜில் வைத்திருந்து மறுநாள் எடுத்தால், நெருடல் ஏறக்குறைய மறைந்து, துணுக்குகள் மெத்தென்று ஆகி, டிப்பே வேறொன்றாக மாறியிருக்கும். இதைப் பலர் செய்வதில்லை.

அதன் பெரிய குறை உப்பு. இதைக் கொஞ்சம் கணக்குப் போட்டே பார்க்கலாம். தென்னாப்பிரிக்க அரசு 2013இல் வெளியிட்ட விதிகளின்படி, உடனடி வகை அல்லாத சூப் பவுடரில் 100 கிராமுக்கு இருக்கக்கூடிய சோடியம் 2016 ஜூன் முதல் 5500 மில்லிகிராமுக்கும், 2019 ஜூன் முதல் 3500 மில்லிகிராமுக்கும் மேற்படக் கூடாது. பாக்கெட் 50 கிராம் என்று வைத்துக்கொண்டால், விதியின் உச்சவரம்பில் இருக்கும் ஒரு பவுடரில் 1750 மில்லிகிராம் சோடியம் இருக்கும். பெரியவர் ஒருவர் ஒரு நாளைக்கு 2000 மில்லிகிராமுக்குக் குறைவாகவே உட்கொள்ளவேண்டும் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீரில் கரைந்து நாலு பேருக்குச் சூப்பாக வேண்டிய பவுடரை நாம் 290 கிராம் கிரீமுக்குள் கொட்டுகிறோம். அதாவது சூப்பைவிட மூன்று மடங்கு அடர்த்தியான உப்பு, அதுவும் ஏற்கெனவே உப்புத் தூவிய சிப்ஸின் மேல். இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடும் பெரியவர்கள் இல்லாத தமிழ்க் குடும்பம் இந்த நாட்டில் அரிது என்பதால் இதைச் சொல்லாமல் விட முடியவில்லை. பாக்கெட்டில் பாதியை மட்டும் போட்டு, மீதிச் சுவையை மிளகுக்கும் எலுமிச்சைக்கும் விட்டால், சுவை பெரிதாகக் குறைவதில்லை என்பது என் அனுபவம். இன்னொன்று, டின் கிரீம் உயர் சூட்டில் கிருமி நீக்கப்பட்டது ஆகையால் அதில் காய்ச்சின பாலின் வாடை இலேசாக இருக்கும். சிலருக்கு அதுவே பிடித்த மணம். எனக்கு இரண்டாவது சிப்ஸுக்கு மேல் அது கொஞ்சம் தெவிட்டுகிறது.

கடை டப்பாவைப் பற்றி நீட்டிச் சொல்ல ஒன்றுமில்லை. மேலட்டையில் பொன்னிற வெங்காயச் சுருள்கள் மின்னுகின்றன; பின்புறத்தில் பொடி எழுத்தில் அச்சான பட்டியலைப் படித்தால் தண்ணீர், எண்ணெய், மாற்றுருச் செய்த மாவு, சர்க்கரை ஆகியவற்றுக்குப் பிறகுதான் வெங்காயம் தலைகாட்டுகிறது. நான் வாங்கிச் சுவைத்த டப்பாவில் வதங்கிய வெங்காயத்தின் இனிப்பு இருக்கவேண்டிய இடத்தில் வெறும் சர்க்கரையின் இனிப்பு இருந்தது. முடிவில் நாக்கில் தங்கியது எண்ணெய்ப் பிசுபிசுப்பு. கடையின் பெயரைச் சொல்ல விரும்பவில்லை, ஏனென்றால் ஒரே அலமாரியில் இருந்த மற்ற டப்பாக்களின் பட்டியலும் பெரிய வித்தியாசம் இல்லாமல்தான் இருந்தது. புரட்டாசி மாதம் முழுவதும் மாமிசம் விலக்கும் குடும்பங்கள் இன்னொன்றையும் கவனிக்கவேண்டும். கெட்டியாக்குவதற்காகச் சில பால் பொருள்களில் ஜெலட்டின் சேர்க்கிறார்கள். அது மாட்டுத் தோலிலிருந்தோ எலும்பிலிருந்தோ பன்றியிடமிருந்தோ வருவது. டிப் டப்பாவுக்கு மட்டுமன்றி, வீட்டுச் செய்முறைக்காக வாங்கும் புளிப்பு கிரீமுக்கும் கிரீம் சீஸுக்கும் இந்த எச்சரிக்கை பொருந்தும்.

இனி வீட்டில் செய்வதற்கு வருகிறேன்.

வெங்காயத்தில் தொடங்கவேண்டும். இங்கே 10 கிலோ பையாக விற்கும், பழுப்புத் தோல் கொண்ட சாதாரணப் பெரிய வெங்காயமே இதற்கு மிகப் பொருத்தம். சிவப்பு வெங்காயம் வதங்கினால் சாம்பல் பூத்த நிறத்துக்குப் போய்விடுகிறது. வெள்ளைக் கிரீமில் அது பார்வைக்கு நன்றாக இல்லை. சின்ன வெங்காயத்தின் சுவை இதற்கு அருமையாக இருக்கும் என்றாலும், இங்கே அது கிடைக்கும் விலைக்குச் சாம்பாருக்கே கைகூசிப் போடவேண்டியிருக்கிறது. வாங்கும்போது கழுத்து நன்றாகக் காய்ந்து, தோல் சரசரவென்று உரியும் முற்றிய காயாகப் பார்த்து எடுங்கள். தோல் மெலிந்த, ஈரம் ததும்பும் புதுக் காய் சாலட்டுக்கு நல்லது, ஆனால் சட்டியில் அது தண்ணீரை விட்டுக்கொண்டே இருக்கும். கண்ணை எரிக்கும் காரமான வெங்காயம் இனிக்காது என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் காரமான காயிலும் சர்க்கரை குறைவில்லாமல் இருக்கிறது; கந்தகச் சேர்மங்களின் காட்டத்தால் அது நாக்குக்கு எட்டுவதில்லை. சூட்டில் அந்தக் காட்டம் தணிந்ததும் இனிப்பு மேலே வருகிறது.

நறுக்கும் முறை டிப்பில் மிக முக்கியம், ஆனால் செய்முறைகள் இதைப் பெரும்பாலும் கண்டுகொள்வதில்லை. பிரியாணிக்கு நறுக்குவதுபோல் நீளவாக்கில் அரிந்தால், வதங்கிய பிறகும் இழைகள் அறுபடாமல் நிற்கும். ஒரு சிப்ஸில் அள்ளும்போது அந்த இழை கிண்ணத்துக்கும் வாய்க்கும் நடுவே தொங்கும். விருந்தில் நின்றுகொண்டு சாப்பிடுகிறவருக்கு அது பெரிய சங்கடம். முதலில் நாலாகப் பிளந்து, பிறகு குறுக்குவாக்கில் மெல்லியதாக அரிந்தால் இழைகள் குட்டையாகி, வதங்கும்போது எளிதில் குழைகின்றன. மிகப் பொடியாகக் கொத்திவிட்டாலோ, தனியாகக் கடிபடும் வெங்காயமே இல்லாமல் கூழாகிவிடும்.

பாத்திரம் அடி கனமாக இருக்கவேண்டும். இந்த நாட்டில் அதற்குக் குறைவேயில்லை. ஏறக்குறைய எல்லா வீட்டிலும் போய்க்கி என்ற வார்ப்பிரும்புப் பானை ஒன்று இருக்கிறது. மூன்று கால் உள்ளது தணலுக்குத்தான் ஏற்றது, அடுப்பில் நிற்காது. தட்டை அடி கொண்ட வார்ப்பிரும்புச் சட்டி இந்த வேலைக்கென்றே வார்த்ததுபோல் இருக்கிறது. ஒரு கிலோ வெங்காயத்துக்கு வாய் அகன்ற சட்டியாகப் பாருங்கள். குறுகிய பாத்திரத்தில் நீராவி வெளியேற வழியில்லாமல் வெங்காயம் தன் சாற்றிலேயே வெந்துகொண்டிருக்கும். பிரஷர் குக்கரில் சீக்கிரம் செய்யலாம் என்று சொல்வார்கள். அதில் வெங்காயம் மிருதுவாகும் என்பது உண்மை, பிறகு தண்ணீரை வற்றவைத்து நிறமேற்ற அதே நேரம் ஆகும் என்பதும் உண்மை. மெதுவாகச் சமைக்கும் மின்சாரப் பாத்திரம் வேறு வகை. அதில் எட்டு மணி நேரம் விட்டுவிட்டு வேலைக்குப் போய்வரலாம், வெங்காயம் சீராகப் பழுக்கும். ஆனால் மூடியின் அடியில் தண்ணீர் தேங்குவதால், கடைசியில் சட்டிக்கு மாற்றி வறட்டவேண்டியிருக்கிறது. மின்வெட்டுக் காலத்தில் இதை நம்பியிருந்தவர்கள் பட்ட பாட்டைத் தனியாகச் சொல்லவேண்டியதில்லை. எரிவாயு அடுப்பும் வார்ப்பிரும்புச் சட்டியும் அந்தத் தொல்லை அறியாதவை.

ஒரு கிலோ வெங்காயத்துக்கு இரண்டு மேசைக்கரண்டி வெண்ணெயும் ஒரு மேசைக்கரண்டி எண்ணெயும் போதும். நெய்யில் வதக்கினாலும் நன்றாகவே இருக்கிறது, நம் நாக்குக்குப் பழகிய மணமும் கிடைக்கிறது. ஆனால் ஃபிரிட்ஜில் நெய் இறுகி மணல்மணலாகத் தட்டுப்படுவதால், குளிரவைத்துச் சாப்பிடும் பண்டத்துக்கு நெய்யைப் பாதியாகக் குறைத்துக்கொள்வது நல்லது. வெங்காயத்தைச் சேர்த்தவுடன் அரைக் கரண்டி உப்புத் தூவுங்கள். உப்பு வெங்காயத்தின் சாற்றை வெளியே இழுக்கும். முதல் பத்து நிமிடம் மூடி வைத்து நடுத்தரச் சூட்டில் வைத்தால், மலையாகக் குவிந்திருந்த வெங்காயம் பாதியாக அமுங்கி, கண்ணாடிபோல் ஆகி, சட்டியின் அடியில் சாறு நிற்கும்.

இங்கிருந்துதான் பொறுமை தேவைப்படுகிறது. வெங்காயத்தில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர். அந்தத் தண்ணீர் இருக்கும்வரை சட்டிக்குள் சூடு 100 டிகிரி செல்சியஸைத் தாண்டாது. வெங்காயத்தின் சர்க்கரையும் அமினோ அமிலமும் சேர்ந்து பழுப்பேறும் வேலையோ ஏறக்குறைய 140 டிகிரியை நெருங்கும்போதுதான் விறுவிறுப்படைகிறது. ஆகவே பத்து நிமிடத்தில் வெங்காயம் பொன்னாகிவிடும் என்று எழுதும் செய்முறைகளை நம்பவேண்டாம். அந்த அவசரத்தில் தீயைக் கூட்டினால் ஓரம் கருகி நடு வேகாமல் நிற்கும், கசப்பும் சேரும். மூடியைத் திறந்து, தீயைத் தணித்து, நாலைந்து நிமிடத்துக்கு ஒரு தடவை கிளறினால் போதும். ஓயாமல் கிளறினாலும் நிறமேறாது. அடியில் படிந்து ஒட்டச் சிறிது அவகாசம் கொடுக்கவேண்டும்.

அரை மணி நேரத்தில் வைக்கோல் நிறம் வரும். அதன்பின் சட்டியின் அடியில் பழுப்பாக ஒரு படலம் ஒட்டத் தொடங்கும். அதுதான் இந்த டிப்பின் முழுச் சுவையும். இரண்டு கரண்டி தண்ணீரைத் தெளித்து மரக்கரண்டியால் சுரண்டினால், அந்தப் படலம் சலசலவென்று கரைந்து வெங்காயத்தின் மேலேயே பூசிக்கொள்ளும். மறுபடி வற்றவிட்டு, ஒட்டவிட்டு, மறுபடி தெளித்துச் சுரண்டவேண்டும். ஒவ்வொரு தடவையும் நிறம் ஒரு படி ஏறும். கடைசியில் வெங்காயம் சட்டியின் ஓரத்தை விட்டுத் தானாகவே திரண்டு, கரண்டியால் இழுத்த தடம் மூடாமல் நிற்கும். கருப்பட்டிப் பாகின் நிறத்தில், கிளறும்போது சலசலப்பில்லாமல் மெல்லிய சீறலோடு இருக்கும் அந்தக் கட்டத்தில் இறக்கிவிடலாம். மொத்தம் 50 நிமிடத்திலிருந்து ஒரு மணி நேரம். ஒரு கிலோ போட்டால் கிடைப்பது கால் கிலோ அளவுதான். இதைக் கண்டு சிலர் மனம் தளர்வார்கள். ஆனால் கடை டப்பாவில் இருக்கும் வெங்காயத்தின் அளவை நினைத்துப் பார்த்தால் இது செல்வம்.

நேரத்தைக் குறைக்கச் சமையல் சோடா சேர்க்கலாம் என்பது பரவலாகச் சொல்லப்படும் உத்தி. ஒரு கிலோவுக்கு அரைத் தேக்கரண்டிக்கு மேற்படாமல் போட்டால், காரத்தன்மை கூடுவதால் நிறமேறும் வேகம் கூடுகிறது. வெங்காயம் முதலில் மஞ்சள் பூசினதுபோல் மாறி, பிறகு விரைவில் பழுப்பாகிவிடும். கூடவே அதன் நாரைப் பிணைத்திருக்கும் பெக்டினும் கரைவதால் எல்லாம் குழம்பாகிவிடுகிறது. சாண்ட்விச்சுக்கோ பிட்ஸாவுக்கோ அது குறை, டிப்பில் அவ்வளவாகத் தெரியாது. ஆனால் சிறிது கூடினாலும் சவர்க்கார வாடை அடிக்கும், அதைப் போக்க வழியில்லை. நேரம் இருக்கும்போது நான் இதைச் சேர்ப்பதில்லை. சர்க்கரை சேர்க்கும் பழக்கத்தை மட்டும் ஒரேயடியாக மறுக்கிறேன். நல்ல வெங்காயத்துக்கு அது தேவையே இல்லை, சேர்த்தால் டப்பாவின் சுவைக்குத்தான் போய்ச் சேரும்.

இறக்கும்போது ஒரு தேக்கரண்டி வினிகர் விடுங்கள், சட்டி சீறி அடங்கும். இனிப்பை ஒரு கட்டுக்குள் நிறுத்துவது அந்தப் புளிப்புதான். பிறகு வெங்காயத்தைத் தட்டில் பரப்பி முழுமையாக ஆறவிடவேண்டும். சூட்டோடு கிரீமில் போட்டால் கிரீம் இளகித் தண்ணீராகிவிடும், பிறகு எவ்வளவு குளிரவைத்தாலும் பழைய பதம் திரும்பாது.

அடுத்தது பால் பகுதி. புளிப்பு கிரீமையும் கிரீம் சீஸையும் கலந்து செய்வதே வழக்கமான முறை. கிரீம் சீஸ் உடலைக் கொடுக்கிறது, புளிப்பு கிரீம் அதை இளக்குகிறது. இந்த நாட்டில் அதைவிட நல்ல வழி ஒன்று கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. ஜூலு மக்கள் காலங்காலமாகச் சுரைக்குடுக்கையில் புளிக்கவைத்த பாலான அமாசி இன்று எல்லாக் கடையிலும் இரண்டு லிட்டர் பாட்டிலில் கிடைக்கிறது; நம் வீடுகளில் பிரியாணிக்குத் தொட்டுக்கொள்ள வெங்காயம் அரிந்து போடுவதும் பெரும்பாலும் இதில்தான். ஒரு லிட்டர் அமாசியை மெல்லிய பருத்தித் துணியில் ஊற்றிக் கட்டி, ஒரு வடிகட்டியின் மேல் வைத்து, அடியில் கிண்ணம் வைத்து ஃபிரிட்ஜில் ஓர் இரவு விட்டுவிட்டால், பாதிக்கு மேல் மோர்த் தெளிவாக வடிந்துபோய், துணிக்குள் வெண்ணெய்ப் பதத்தில் ஒரு கட்டி மிஞ்சும். புளிப்பு கிரீமின் கொழுப்பு இதில் இல்லை, ஆனால் புளிப்பு அதைவிடத் தெளிவானது. வதங்கிய கால் கிலோ வெங்காயத்துக்கு வடிகட்டிய அமாசி 250 கிராம், கிரீம் சீஸ் 100 கிராம் என்ற விகிதம் எனக்கு ஒத்துவருகிறது. கொழுப்பு முழுக்க இல்லாமல் போனால் வெங்காயத்தின் மணம் நாக்கில் நிற்பதில்லை. அதனால்தான் அந்தக் கொஞ்சம் கிரீம் சீஸ். அமாசி அதிகம் புளித்திருந்தால் வினிகரைத் தவிர்த்துவிடலாம். வடிந்த மோர்த் தெளிவை வீணாக்காமல் சப்பாத்தி மாவு பிசையப் பயன்படுத்துங்கள்.

சேர்மானம் குறைவாக இருப்பதே நல்லது. புதிதாக இடித்த மிளகு, சிறிது உப்பு, பொடியாக நறுக்கிய வெங்காயத்தாள் போதும். வூஸ்டர் சாஸ் சில துளி விடுவோர், அந்தச் சாஸில் நெத்திலி மீன் சேர்க்கப்படுவதுண்டு என்பதை நினைவில் கொள்ளவேண்டும். விரத நாளில் சோயா சாஸ் அரைத் தேக்கரண்டி அதே வேலையைச் செய்யும். டர்பன் வீட்டில் எதையும் மசாலா இல்லாமல் இறக்கக் கை வராது என்பது எனக்குத் தெரியும். மிளகாய்த்தூளைக் கிரீமில் நேரடியாகக் கலந்தால் பச்சை வாடை அடிக்கும், நிறமும் கெடும். அவசியம் காரம் வேண்டுமென்றால், வெங்காயம் வதங்கும் கடைசி ஐந்து நிமிடத்தில் இரண்டு காய்ந்த மிளகாயைக் கிள்ளிப் போட்டு, கலக்கும் முன் எடுத்துவிடுங்கள்.

வீட்டு டிப்பும் இரவு முழுக்க ஃபிரிட்ஜில் இருக்கவேண்டும். கலந்தவுடன் சுவைத்தால் தயிரும் வெங்காயமும் தனித்தனியாகத் தெரியும். மறுநாள் வெங்காயத்தின் சாயமும் மணமும் கிரீமுக்குள் பரவி, நிறமே இலேசான சந்தன நிறத்துக்கு மாறியிருக்கும்.

மூன்றையும் ஒரே மேசையில் கிண்ணத்தின் அடையாளம் தெரியாமல் வைத்துப் பரிமாறியபோது வந்த கருத்துகள் எதிர்பார்த்தபடி ஒரே பக்கமாக இல்லை. சிறுவர்கள் தயங்காமல் பாக்கெட் டிப்பைச் சுற்றிக்கொண்டார்கள். வீட்டு டிப்பை ஒரு வாய் எடுத்த பெரியம்மா, “நல்லாத்தான் இருக்குப்பா, ஆனா உப்பு போட மறந்துட்டியா?” என்று கேட்டார். உப்பு சரியாகத்தான் இருந்தது. ஆண்டுக்கணக்கில் சூப் பவுடர் உப்புக்குப் பழகிய நாக்குக்கு வெங்காயத்தின் சொந்தச் சுவை முதலில் மந்தமாகத் தெரிவது இயல்பு. அவரே பத்து நிமிடம் கழித்து, சிப்ஸை விட்டுவிட்டு அதை ரொட்டித் துண்டில் தடவிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். டப்பாவில் வந்தது கிண்ணத்தில் பாதிக்கு மேல் மிஞ்சியது.

இதற்குப் பக்கமாக எதை வைப்பது என்பதிலும் ஒரு சொல். பாக்கெட் டிப் அதிகம் உப்புள்ளது என்பதால், உப்பு குறைந்த கேரட், வெள்ளரித் துண்டுகளோடு அது நன்றாகப் பொருந்துகிறது. வீட்டு டிப்புக்கு வரிவரியான கெட்டிச் சிப்ஸ் தேவை, மெல்லியது பாதியில் ஒடிந்துவிடும். மரவள்ளிக்கிழங்குச் சிப்ஸ் அதைவிட நன்றாக இருக்கிறது. முறுக்கில் தொட்டுச் சாப்பிடுவது வெகு நாள் கழித்து வந்த யோசனை. ஓமம் போட்ட முறுக்கென்றால் வேண்டாம், ஓமம் வெங்காயத்தை அமுக்கிவிடும். சமூசாவுக்கு இது வேண்டியதே இல்லை, அதற்குச் சட்னி இருக்கிறது.

டர்பனின் டிசம்பர் வெயிலில் எந்த டிப்பையும் வெளியில் அதிக நேரம் வைக்கக்கூடாது. பால் பண்டங்களுக்கு இரண்டு மணி நேரமே வரம்பு, 32 டிகிரியைத் தாண்டிய நாளில் ஒரு மணி நேரம். பிராய் விருந்துகள் மதியம் தொடங்கி இருட்டும்வரை நீள்பவை ஆகையால், முழுவதையும் பெரிய கிண்ணத்தில் கொட்டிவைக்காமல், சிறிய கிண்ணத்தில் கொஞ்சம் கொஞ்சமாக ஃபிரிட்ஜிலிருந்து எடுத்து நிரப்புங்கள். ஒருவர் கடித்த சிப்ஸை மறுபடி தோய்ப்பதும் நடக்கும் இடம் அது. மேசையில் மிஞ்சியதை மறுபடி உள்ளே வைக்காமல் கொட்டிவிடுவதே சரி. தொடாமல் உள்ளே வைத்தது மூன்று நாலு நாள் இருக்கும்.

செலவு என்று பார்த்தால், பாக்கெட்டும் டின்னும் சேர்ந்ததுதான் மலிவு. வீட்டு டிப்புக்கு ஆகும் பணம் அதைவிடக் கொஞ்சம் கூடுதல், ஒரு மணி நேர எரிவாயு தனி. எடைக்கு எடை பார்த்தால் மிக அதிகம் கொடுக்கவேண்டியது டப்பாவுக்குத்தான். நேரத்தின் கணக்கைச் சரிக்கட்ட ஒரு வழி இருக்கிறது. வெங்காயத்தை இரண்டு கிலோவாகப் போட்டால் ஆகும் நேரம் இரு மடங்காவதில்லை. அகன்ற சட்டி இருந்தால் இருபது நிமிடம் கூடும், அவ்வளவுதான். 10 கிலோ பை வாங்கின வாரத்தில் அப்படி வதக்கி, ஆறவைத்து, பனிக்கட்டித் தட்டின் குழிகளில் நிரப்பி உறையவைத்துவிட்டால் இரண்டு மூன்று மாதம் கெடாது. அமாசி கலந்த டிப்பை அப்படி உறையவைக்கக் கூடாது, உருகும்போது நீரும் திரளும் பிரிந்துவிடும். வெங்காயத்தை மட்டும் உறையவைத்து, விருந்துக்கு முதல்நாள் இரவு ஏழெட்டுக் கட்டிகளை எடுத்து, உருகவிட்டு, சட்டியில் ஒரு நிமிடம் ஈரம் போகச் சூடாக்கி ஆறவைத்து, வடிகட்டிய அமாசியில் கலந்துவிட்டால், பாக்கெட் டிப் கலக்க ஆகும் நேரத்தில் இதுவும் முடிந்துவிடுகிறது.